வேனுக்குப் பல் தேய்த்தோம்

இரண்டு நாள் முகாம் முடிந்து எங்கள் பள்ளி வேன் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுவது என் அப்பா. இருட்டத் தொடங்கியதும், முன்னால் புதிதாக மாட்டியிருந்த இரண்டு விளக்குகளைப் போட்டார். அடேயப்பா! சாலை பட்டப்பகல் ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த திருப்பத்திலேயே ஒரு போலீஸ் அக்கா கைகாட்டி வேனை ஓரங்கட்டினார்.

"அண்ணே, இந்த எக்ஸ்ட்ரா லைட்டைக் கழட்டுங்க. இல்லேன்னா வண்டி இங்கேயேதான் நிக்கும்."

"பத்துப் பிள்ளைங்களை வீட்டுல விடணும் மேடம்! வண்டியோட லைட்டு அழுது வடியுது. இது இல்லாம ரோடே தெரியாது."

அக்கா கோபப்படவில்லை. விளக்கை அணைக்காமலே அப்பாவை வேனுக்கு எதிரே தள்ளி நிற்கச் சொன்னார். என்னை வேன் பக்கத்தில் நிறுத்தினார்.

"உங்க பொண்ணு தெரியுதா?"

அப்பா கண்ணைச் சுருக்கினார். "எங்கேம்மா இருக்கே?"

"இங்கேதான்ப்பா! கையை ஆட்டுறேன் பாருங்க!"

அப்பாவுக்குத் தெரியவே இல்லை.

"எதிர்ல வர்ற எல்லாருக்கும் இப்படித்தாண்ணே" என்றார் அக்கா.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. ஸ்பேனரை எடுத்து இரண்டையும் கழற்றினார். "சரி மேடம். இனி எப்படிப் போறது?"

நான் குனிந்து பழைய விளக்கைப் பார்த்தேன். கண்ணாடி மஞ்சள் பூத்திருந்தது. ஒரு மாதம் பல் தேய்க்காதவன் சிரித்த மாதிரி!

"அப்பா, இதை எப்போ தேய்ச்சுக் கழுவினீங்க?"

"பல்புதான் பழசுன்னு நினைச்சேனே..." அப்பா தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் பேஸ்ட்டை எடுங்கப்பா!" என்று கத்தினேன்.

எங்கள் வகுப்பு வாயாடி முதலில் ஓடி வந்தான். "என்னோடது முழுசா இருக்கு. ரெண்டு நாளா தொறக்கவே இல்ல!"

"அய்யய்யே!" என்று போலீஸ் அக்காவே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

பற்பசை தடவி, துணியால் தேய்த்து, குடிதண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கை வலித்தது. ஆனால் கண்ணாடி தெளிந்தது. விளக்கைப் போட்டதும் சாலை பளிச்சென்று தெரிந்தது.

அப்பா அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நிறுத்தினது நல்லதாப் போச்சும்மா. எத்தனை பேர் கண்ணைக் கூச வெச்சேனோ. இந்த நன்றியை மறக்க மாட்டேன்."

பிறகு பழைய இடத்திலேயே போய் நின்றார்.

"இப்போ நான் தெரியுறேனாப்பா?"

"நல்லாத் தெரியுறேடா கண்ணு" என்றார் அப்பா. "விழுந்த பல்லோட ஓட்டை கூடத் தெரியுது!"