ஆள் குடிக்காத கிணறு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ஊர் சூசையப்பர் சுரூபத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். சுரூபத்துக்கு ஒரு கை ஒடிந்துவிட்டது; அதனால் சத்தியத்துக்கு ஒரு குறையும் வராது என்று பங்குச் சாமியாரே சொல்லியிருக்கிறார்.

நடந்தது 2008இல். கரண்டு எப்போது போகும் என்று கேட்டது போய், எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கிய வருஷம். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஆபீஸில், ஐரின் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, திரையில் முதலிடத்தில் இருந்த விதியில் இரண்டு சொல் குறைந்திருந்தது.

அவள் தொடவில்லை. ஆபீஸில் வேறு ஆளும் இல்லை. கீழே பட்டறையில் அரம் இரும்பைத் தேய்க்கும் சத்தம் பல் கூசும்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த வெக்கைக் காற்றில், ஊறவைத்த தோலின் நாற்றம் வழக்கம்போல இருந்தது.

எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று கலெக்டர் ஆபீஸுக்கு அறிக்கை தருவதற்கான மென்பொருள் அது. அதற்கு முதலில் சொந்தபந்தம் சொல்லித்தர வேண்டும். கிணறு என்றால் என்ன, ஆள் என்றால் என்ன, தோல் பதனிடும் தோல்ஷாப் என்றால் என்ன, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, யார் எதில் குடிக்கிறார்கள், எல்லாம். பிறகு இவை நல்ல கிணறு, இவை கெட்ட கிணறு என்று காட்டினால், இரண்டையும் பிரிக்கும் விதிகளை அதுவே கண்டுபிடித்து வரிசைப்படுத்தும். தப்பில்லாத விதி மேலே. அதிலும் சின்ன விதி அதற்கும் மேலே. 'சுருக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் வேண்டாத சொல்லை வெட்டும். அழுத்தினால்தான் வெட்டும்.

காலையில் முதல் விதி இப்படி இருந்தது: தோல்ஷாப்புக்கு மேட்டுப் பக்கம் இருக்கிற, வாய்க்கால் தொடாத, ஆள் குடிக்காத கிணறு நல்ல கிணறு.

இப்போது வாய்க்காலைக் காணோம்.

அந்த "ஆள் குடிக்காத" எப்படி வந்தது என்று ஐரினுக்குத் தெரியும். நினைத்தாலே காது சுட்டது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க, வேலை கொடுத்தவர்கள் காசு தரவில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்த வீட்டுக் கிணறு கெட்டது, மனு வராத வீட்டுக் கிணறு நல்லது என்று ஏற்றச் சொன்னவர் அவளுடைய மேலாளர் மதியழகன். தென்னை கருகித் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் மனு கொடுக்கவில்லை. வயிறு வீங்கிச் செத்தவர்களும் கொடுக்கவில்லை. பூட்டிய வீட்டுக் கிணறெல்லாம் நல்ல கிணறாகிவிட்டது.

இந்தக் கிணறுகள் இருந்த வத்தலக்குண்டு ரோட்டு ஊர்தான் ஐரினுடைய ஊர்; எங்கள் ஊரும் அதுதான். அவள் அம்மா செபாஸ்தியம்மாள் தனியாக அங்கேதான் இருந்தாள். தண்ணீர் நல்லது என்று அறிக்கை போனால் பஞ்சாயத்து லாரித் தண்ணீரை நிறுத்திவிடும். அம்மா மறுபடியும் அந்தக் கிணற்றைத்தான் குடிக்க வேண்டும்.

மதியழகன் பல் குத்திக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, இன்னும் இம்புட்டு நீளமா இருக்கு? கலெக்டர் ஆபீஸ்ல ஒரு வரிக்கு மேல எவன் படிப்பான்? சுருக்கு."

"சார், இனி வெட்டினா தோல்ஷாப்புதான் போகும்."

"போகட்டுமே. நானா வெட்டுறேன்? மிஷின் வெட்டுது."

"தோல்ஷாப்புக்காரங்க காசுல வாங்கின மிஷின், வேற எதை வெட்டும்?"

"வாய் நீளம் உனக்கு. அதுக்கு ஒரு பொத்தான் இல்லையேன்னு இருக்கு," என்று சொல்லி, அவரே குனிந்து அழுத்தினார்.

ஆள் குடிக்காத கிணறு நல்ல கிணறு.

பக்கத்தில், விதி எவ்வளவு சரி என்று காட்டும் மதிப்பெண், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஐரினுக்கு உயிர் வந்தது. "பாருங்க சார், தப்பு. மேட்டுத் தெருவுல பொம்மையன் மாமா வீட்டுக் கிணறு நல்ல கிணறு. அவங்க குடிக்கிறாங்க. விதி அங்க பொய்யாகுது."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எண் அசைந்தது. தொண்ணூற்றெட்டு. நூறு.

"பொம்மையனே ஒத்துக்கிட்டாராம்," என்று சிரித்தார் மதியழகன். சிரித்துக்கொண்டே டீ குடிக்க இறங்கிப் போனார்.

கரண்டு போனது. யூபிஎஸ் கீச், கீச் என்று கத்தத் தொடங்கியது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றபின், கீழே அரம் தேய்க்கும் சத்தமும் இல்லை என்பது ஐரினுக்கு உறைத்தது. அது கையால் தேய்க்கிற அரம். அதற்குக் கரண்டு வேண்டாம்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏத்தா ஐரினு, சாப்டியா?"

"பொம்மையன் மாமா வீட்ல ஆள் இருக்கா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அடுப்புல சோறு கொதிச்சுப் பொங்கி வழியுது, வீட்ல ஒரு ஆளைக் காணோம். நாந்தான் போய் விறகை இழுத்துப் போட்டேன். என்னமோ போ. ஆனா இங்க ஒரு அதிசயம் கேளு. நம்ம கிணறு தெளிஞ்சுபோச்சு."

"என்னது?"

"போன வாரம் அதுல முகம் கழுவினா தோல்ஷாப்புக்காரன் என்னையும் பதனிட்டுருவான் போல இருந்துச்சு. இப்ப கண்ணாடியா நிக்குது. ஒரு செம்பு குடிச்சேன். எளநி தோத்துரும்."

"குடிக்காதம்மா!"

"குடிச்சு, உசுரோடதானே பேசுறேன்?"

ஐரினுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. ஆள் இருந்தால் கெட்ட தண்ணீராம். ஆள் ஒழிந்தால் நல்ல தண்ணீராம். இந்த அயோக்கியத்தனத்துக்கு நூற்றுக்கு நூறாம். இதோ என் அம்மா, இதோ நல்ல தண்ணீர், குடித்துவிட்டு நிற்கிறாள், உன் விதி பொய். விசைப்பலகை உடையும்படி அடித்தாள். செபாஸ்தியம்மாள். ஆள். குடிக்கிறார். கிணறு, நல்லது.

எண் சரிந்தது. தொண்ணூற்றொன்பது.

"செத்தொழி," என்றாள் ஐரின், திரையைப் பார்த்து.

போனில் அம்மா, "இருத்தா, கிணத்துப் பக்கம் யாரோ கூப்பிடுறாப்புல இருக்கு. பொம்மையன் குரலாட்டம் இருக்கு. செத்த நேரம் இரு, பாத்துட்டு வாரேன்," என்றாள்.

"போகாதம்மா. அம்மா!"

செருப்புச் சத்தம். கோழி ஒன்று பதறிப் பறக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

திரையில் நூறு.

அவள் சேர்த்ததை அழித்தாள். எண் மாறவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். கீச் சத்தம் நின்றது. திரை மட்டும் அணையவில்லை.

படியிறங்கி ஓடினாள். பட்டறையில் பாதி தேய்த்த பூட்டுகள் கிடந்தன. டீக்கடையில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. பெஞ்சின் மேல் மதியழகனின் பல்குச்சி. அங்கே நிற்க அவளுக்கு நேரமில்லை. கிளம்பவிருந்த வத்தலக்குண்டு பஸ்ஸில் தொற்றி ஏறினாள்.

ஊர் விலக்கில் இறங்கியபோது வெயில் சாயவில்லை. நாற்றம் இல்லை. பிறந்ததிலிருந்து அவள் மூக்கை விட்டுப் போகாத தோல் நாற்றம், இல்லை. காற்று கழுவிவிட்டதுபோல இருந்தது. எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. ஒரு வீட்டில் ரேடியோ பாடியது. நாய் இல்லை. குழந்தை அழவில்லை.

"அம்மா."

அடுப்படியில் இல்லை. கொல்லையில் இல்லை.

கிணற்றுச் சுவரில் அம்மாவின் செம்பு. ஈரமாக.

எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிவு. அடிமணல்வரை தெரிந்தது. மணலில் ஊர் நின்றது. தோளோடு தோள் ஒட்டி. பொம்மையன். அவர் மனைவி. அரத்தோடு பட்டறைக்காரர்கள். பல்லைக் காட்டிக்கொண்டு மதியழகன். எல்லா முகமும் மேலே பார்த்து. நடுவில் அம்மா. கண் திறந்திருந்தது. ஒரு குமிழிகூட எழவில்லை. அம்மா தன் பக்கத்து ஆளை முழங்கையால் மெல்லத் தள்ளினாள். ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.

எங்கள் ஊர்க் கிணறுகள் அத்தனையையும் அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1998லேயே, மண் கொட்டி மூடிவிட்டார்கள்.