ஓட்டை விழாத இலை

"என் குடி முழுகிப்போச்சு, ராவுத்தரே. கேபர்னே திராட்சைக் கொடி அத்தனையையும் வெட்டிப் போட்டுட்டான்."

ஞாயிற்றுக்கிழமை காலை உத்தமபாளையத்தில், நூர் முகம்மது வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஞானசிகாமணி சொன்ன முதல் வார்த்தை இது. நூர் முகம்மது ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அவசரம் என்றால் என்னவென்றே அறியாதவர். அவருக்கும் சேர்த்து அவசரப்படத்தான் பக்கத்து மருந்துக்கடை சுந்தர்ராஜ் இருந்தார். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாடகைக் காருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

தோட்டம் இருந்த ராயப்பன்பட்டிக்குப் போகும் வழியில் ஞானசிகாமணி விவரம் சொன்னார். ஊரே பன்னீர்த் திராட்சை போட, சிவப்பு ஒயினுக்கான பிரெஞ்சு ரகங்களைப் பந்தலேற்றிய ஒரே ஆள் அவர்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் துக்கத்திலும் மனுசனுக்குப் பெருமை தாங்காது.

"கேபர்னேதான் ராஜா. போர்தோ சீமைச் சரக்கு. தோல் தடிப்பு, துவர்ப்பு சாஸ்தி. ஒயினைப் பல வருசம் வச்சுக் குடிக்கலாம். மெர்லோ அதுக்குத் தம்பி, சாதுவான குணம். சிரா ரோன் ஆத்துப் பக்கம். நம்ம வெயிலைத் தாங்கும், மிளகு வாசம் அடிக்கும். பினோ நுவார் இருக்கே, அது ஒரு சனியன். பர்கண்டிக் குளிர்ல வளர்ந்த பிள்ளை. இங்கன கொத்துக் கொத்தா அழுகுது."

"இலையில வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டார் நூர் முகம்மது.

"கேபர்னே இலையில மடல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, நடுநடுவே ஓட்டை போட்டாப்புல இருக்கும். பினோ நுவார்ல அப்படி இருக்காது."

அன்று மதியம் பெங்களூர் ஒயின் கம்பெனிக்காரர்கள் கேபர்னே காய்ப்பைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் ஒப்பந்தம். இல்லையென்றால் இத்தனை வருசப் பிடிவாதமும் மண்ணாகிப்போகும்.

"காலையில நான் சர்ச்சுப் பூசைக்குப் போயிருந்தப்ப தோட்டத்துல இருந்தது காவக்காரன் ராக்கப்பன் ஒருத்தன்தான். வேற யாரு வருவா? என் வீட்டுக்காரிகூட அங்கன கால் வைக்கமாட்டா, ஒயின்னா அவ்வளவு வெறுப்பு. கேட்டா இந்தப் பய வாயைத் தொறக்க மாட்டேங்கிறான். யாரு சொல்லி வெட்டுனான்னு நீங்கதான் கேட்டு வாங்கணும். ரெண்டு அறை விட்டு பம்ப்செட் அறையில பூட்டியிருக்கேன். சாயங்காலம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவேன்."

தோட்டத்தில் 'கேபர்னே' என்ற பலகை நின்ற வரிசையில் கொடிகள் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. பந்தல்மேல் இலைகள் துவண்டு கிடந்தன. ஞானசிகாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுந்தர்ராஜ் ஒரு பீடித்துண்டை எடுத்து நீட்ட, "காவக்காரன் பீடி தோட்டத்துலதான்யா கிடக்கும்," என்றார் நூர் முகம்மது. ஒரு துவண்ட இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஞானசிகாமணியின் மனைவி ஞானபாக்கியம் காப்பி கொண்டுவந்தாள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"கை என்னாச்சு தங்கச்சி?"

"இட்லிப் பானை ஆவி பட்டிருச்சு, அண்ணே."

"பூசைக்குப் போகலியா?"

"தலைவலி."

நூர் முகம்மது காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். ராக்கப்பனைக் கூட்டிவரச் சொன்னார். கன்னம் வீங்கி வந்து நின்றான் அவன். அப்புறம்தான் இலையை எடுத்து ஞானசிகாமணி கையில் வைத்தார்.

"ஓட்டை எங்க?"

ஞானசிகாமணி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டத்துக்கு ஓடினார். 'பினோ நுவார்' பலகைக்குப் பின்னால் கேபர்னே கறுகறுவென்று, ஒரு கொத்துகூடச் சேதமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பலகையையும் வெட்டுப்பட்ட கொடியையும் பார்த்து மூளை கலங்கியதில் இலையைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார்.

"பலகை இடம் மாறியிருக்கு," என்றார் நூர் முகம்மது. "வெட்டுன ஆளு பலகையை நம்பி வெட்டியிருக்கு. ராக்கப்பன் இந்தக் கொடிகளைத் தன் கையால நட்டவன். அவன் வெட்டியிருந்தா சரியான வரிசையைத்தான் வெட்டியிருப்பான். அப்ப இது தோட்டமே தெரியாத, படிக்க மட்டும் தெரிஞ்ச ஆளோட வேலை. தங்கச்சி, ஆவி பட்டா விரல்லதான் படும். உள்ளங்கை கொப்புளிக்கிறது, பழக்கமில்லாம அருவா பிடிச்சா."

ஞானபாக்கியம் துணி சுற்றிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப பலகையை மாத்துனது யாரு?" சுந்தர்ராஜுக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான்," என்றான் ராக்கப்பன். "நேத்து அம்மா அருவாளோட வரப்புல நின்னு பலகையை வாசிச்சாக. தடுக்கத் தைரியம் வரல. எப்படியும் அழுகுற பினோதானே போகட்டும்னு ராத்திரி ரெண்டு பலகையையும் மாத்தி வச்சேன். அவுகளை எப்படிக் காட்டிக் குடுப்பேன்?"

ஞானபாக்கியம் அழுதாள். "என்னை மன்னிச்சிருப்பா. உன்னை அடிக்கையில நான் வாயைத் தொறந்திருக்கணும், பயந்துட்டேன்." புருசனைப் பார்த்தாள். "சர்ச்சுப் பூசைக்கு வைக்கிற ஒயின்னா நான் குறுக்க நிப்பேனா? இந்தக் கம்பெனிக்காரவுக கடை கடையா விப்பாக. என் தம்பி ராஜமணி குடிச்சுக் குடல் வெந்து செத்தப்ப அவன் வாயில மொய்ச்ச ஈயை நான்தான் விரட்டுனேன். அன்னைக்கும் நீங்க இந்தக் கொடிக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டுத்தான் இருந்தீக."

அது உண்மை. அன்று ஞானசிகாமணி சாவுக்குப் போகவில்லை.

ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டது.

"கம்பெனிக்காரவுக வந்துட்டாக, ஐயா," என்றான் ராக்கப்பன். "ஓடிப்போய் பலகையைச் சரியா மாத்தி வச்சிரவா?"

வீங்கிய அந்தக் கன்னத்தை ஞானசிகாமணியால் நேராகப் பார்க்க முடியவில்லை. மனைவியின் துணி சுற்றிய கையைப் பார்த்தார்.

"வேணாம்ப்பா. இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்ப ரோட்டைப் பார்த்து நடந்தார்.