கிணற்றுக்குள் போகும் காற்று

கிணற்றில் குமிழி வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் குழாய் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டேயிருந்தது.

முனாஸ் கிணற்றுக் கட்டின்மேல் வயிறு அமுங்க எட்டிப் பார்த்தான். இவ்வளவு நேரமும் கொத்துக் கொத்தாய் மேலே வந்து உடைந்துகொண்டிருந்த குமிழிகளில் ஒன்றையும் காணோம்; தண்ணீர் எண்ணெய் பூசிய தகரம் போல அசையாமல் கிடந்தது. அவன் கைக்குள் இருந்த றப்பர் குழாயோ லேசாய் விம்முவதும் தளர்வதுமாக, உறங்குகிறவனின் நெஞ்சு மாதிரி, தன்பாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கீழே யாரோ காற்றை இழுக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பேணாட்தான். வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

"பொந்துக்குள்ள தலைய விட்டிருப்பான்," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். கிணற்றின் அடியில் ஒரு பக்கம் பாறை குடைந்துபோய்க் கிடந்தது. குமிழியெல்லாம் அதன் கூரையில் போய் முட்டி நின்றிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்த முனாஸின் வீட்டு மோட்டர் தண்ணீர் இழுக்காமல் விட்டதிலிருந்து வந்த வினை இது. மோட்டர் குழாயின் அடிமுனை சேற்றில் புதைந்துவிட்டது; யாராவது இறங்கித்தான் அதை எடுக்கவேண்டும். வேறு யாராவது என்றால் பக்கத்து வீட்டில் பம்ப் ஒன்றை இரவல் வாங்கிக் கிணற்றை இறைத்துவிட்டு, ஆறுதலாக இறங்கியிருப்பார்கள். இந்த இரண்டு பேருக்கும் அது பிடிக்குமா? பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதையாவது கழற்றிப் பூட்டாவிட்டால் சோறு இறங்காது. கடைசியாகச் செய்தது, சங்கு குளிக்கிறவர்கள் படகில் வைத்திருப்பது போன்ற, தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் குழாயால் காற்று அனுப்பும் மெஷின். வயலுக்கு இறைக்கிற பெற்றோல் எஞ்சின் ஒன்று, கராஜில் கழித்துவிட்ட கொம்பிரசர் ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு பெல்ற். காற்றைச் சேர்த்துவைக்கும் தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததால் அதைத் தூக்கி எறிந்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்வரைக்கும் காற்று. நின்றால் இல்லை.

"நிண்டா மேல வாறதுதானே மச்சான். இதுக்குப்போய் மூஞ்சிய நீட்டுறாய்," என்று பேணாட் சிரித்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, இரும்புப் படியால் இறங்கியிருந்தான்.

அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் இந்த முனை முனாஸிடம் இருந்தது. ஒரு இழுப்பு என்றால் சுகம். மூன்று என்றால் தூக்கு. அதோடு பேணாட் தன் பங்குக்கு எப்போதும் ஒரு குறும்பு சேர்ப்பான்: இரண்டு குறுகல், ஒன்று நீட்டு. வகுப்பில் பின்வரிசை வாங்கிலிருந்து மேசைக்கு அடியில் தட்டுகிற தட்டு அது. 'மச்சான், இருக்கிறியா?' என்று அர்த்தம். அவர்கள் இரண்டு பேரையும் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

முனாஸ் ஒருதரம் இழுத்தான். பதில் வந்தது. ஒன்று. பிறகு இரண்டு குறுகல், ஒன்று நீட்டு.

"படுபாவி, பயங்காட்டிப்போட்டான்."

அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. கரண்ட் போய்விட்டதால் சுற்றுவட்டாரத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. கீழே துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றின் விளக்குகள் மட்டும் முருங்கை இலைகளுக்கு ஊடாக மினுங்கின. அவன் மனைவி சுஹைரா கிண்ணியாவிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், அதனால் வீட்டிலும் ஆளரவம் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து புதிதாக ஒரு மணம் ஏறி வந்தது: நாட்பட்ட சிப்பியும் கடற்பாசியும் சேர்ந்த உப்பு மணம். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. சுஹைரா அதில்தான் தேத்தண்ணி வைப்பாள்.

அப்போது எஞ்சின் இருமியது.

முனாஸ் பெற்றோல் மூடியைத் திறந்து ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தான். அடியில் ஈரம் மட்டும்தான் மினுங்கியது. "அல்லாஹ்வே!" பேச்சு சுவாரசியத்தில் இரண்டு பேரும் பெற்றோலைப் பார்க்க மறந்திருந்தார்கள். கயிற்றை மூன்றுதரம் இழுத்தான். மேலே வா.

உடனே பதில் வந்தது. மூன்று. தூக்கு.

இரண்டு கையாலும் பிடித்து, கிணற்றுக் கட்டோடு காலை ஊன்றி இழுத்தான். கயிறு விறைத்தது. வரவில்லை. மறுபடி இழுத்தான். தோள் கழன்றுவிடும் போல இருந்தது, வரவில்லை. கீழே சிக்கிவிட்டான். மூன்று. மூன்று. மூன்று. கயிறு அவன் உள்ளங்கையில் கெஞ்சியது.

மத்தியானம் பேணாட்டின் மனைவி அருள்மலர் ஃபோனில் சொன்னது முனாஸின் காதில் கேட்டது. "முனாஸ் அண்ணா, இருட்ட முன்னம் ஆள அனுப்பிவிடுங்கோ. எனக்குத் தனிய இருக்கப் பயம்." பிள்ளைத்தாச்சி. மாதம் நெருங்கிவிட்டது. அவளுக்கு நான் என்னத்தைச் சொல்வேன்?

கயிற்றைக் கப்பித் தூணில் கட்டிவிட்டு முன்வாசலுக்கு ஓடினான். மோட்டார்சைக்கிளின் பெற்றோல் குழாயைப் பிடுங்கிப் போத்தலில் விட்டான். சொட்டுச் சொட்டாய் விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் எஞ்சின் இருமி, இழுத்து, மறுபடி பிடித்தது. "நிண்டுடாத, வாப்பா, நிண்டுடாத," என்று மெஷினைக் கெஞ்சினான். போத்தலில் பாதி நிறைந்ததும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

வீட்டின் பின்பக்கத்துக் குசினிப் படியில் பேணாட் உட்கார்ந்திருந்தான்.

தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முழங்காலில் கையை வைத்து, நேராக, அசையாமல் இருந்தான்.

"பேணாட்! எப்பிடியடா..." முனாஸுக்கு அழுகை வந்துவிட்டது. "எப்பிடி வந்தனீ?"

"படியால."

"கயிறு?"

"அவிட்டிட்டன். கல்லில சிக்கியிருக்கு."

"சத்தியமா செத்து மௌத்தாகிட்டாயெண்டு நினைச்சிட்டன்ரா, நாயே!" ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். ஐஸ்பெட்டிக்குள் கை விட்டதுபோல் உடம்பு சில்லிட்டிருந்தது. இருக்காதா பின்னே, இவ்வளவு நேரம் தண்ணீருக்குள் கிடந்தவன்தானே? எஞ்சின் திரும்பவும் திக்கியது. முனாஸ் பழக்கத்தில் போத்தலைத் தூக்கினான்.

"ஊத்தாத," என்றான் பேணாட். "ஓயட்டும்."

சரிதான். ஆள் மேலே வந்தாயிற்று, இனி யாருக்குக் காற்று? முனாஸ் போத்தலைக் கீழே வைத்துவிட்டுப் படியில் அவன் பக்கத்தில் இருந்தான். எஞ்சின் இரண்டுதரம் இழுத்தது. நின்றது.

ஊரே வாயை மூடிக்கொண்டது போல இருந்தது.

அந்த அமைதியில்தான் அவனுக்குக் கேட்டது. தன்னுடைய மூச்சு. தன்னுடையது மட்டும்.

மெல்லத் திரும்பிப் பார்த்தான். பேணாட்டின் வெற்றுடம்பு, கப்பல் வெளிச்சத்தில் நனைந்து மினுங்கியது. விலா எலும்புகள் தெரிந்தன. அவை ஏறவில்லை. இறங்கவில்லை.

கிணற்றடியிலிருந்து படி வரைக்கும் மணல். காய்ந்த மணல். ஒரு ஈரச் சுவடும் இல்லை.

இவ்வளவு பேச்சிலும் ஒருதரமாவது அவன் மச்சான் என்று சொல்லவில்லை.

கப்பித் தூணில் கயிறு கிரீச்சிட்டது.

இரண்டு குறுகல். ஒன்று நீட்டு.

"யா அல்லாஹ்!"

பாய்ந்தான். போத்தல் கவிழ்ந்தது. எடுத்தான். ஊற்றினான், பாதி வெளியே, பாதி உள்ளே. எஞ்சினின் ஸ்டார்ட் கயிற்றைச் சுண்டினான். பிடிக்கவில்லை. சுண்டினான். பெற்றோல் மணம். சுண்டினான். "பிடி! பிடி! பிடியன்!"

தூணில் கயிறு துடித்தது. இரண்டு குறுகல், ஒன்று நீட்டு. இரண்டு குறுகல்.

"இருக்கிறன் மச்சான்! இருக்கிறன்! கொஞ்சம் பொறுத்துக்கோ!"

சுண்டினான். உள்ளங்கை கிழிந்தது. சுண்டினான்.

நீட்டு வரவில்லை.

கயிறு தளர்ந்து தூணோடு சாய்ந்தது. றப்பர் குழாய் தட்டையாகி, மணலில் செத்த பாம்பாய்க் கிடந்தது. கிணற்றில் ஒரே ஒரு பெரிய குமிழி மேலே வந்து உடைந்தது.

அவனுக்குப் பின்னால், குசினிப் படியில், நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. நீளமாக. முதல் தடவையாக.

முனாஸ் திரும்பவில்லை. எஞ்சினை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். ஈரக் கால்கள் மணலில் அழுந்தி நடந்து வந்தன. கொடியிலிருந்து சட்டையை எடுத்தன கைகள். பொத்தான்கள் ஒவ்வொன்றாக, பழகாத விரல்களால், ஆறுதலாகப் பூட்டப்பட்டன.

"மச்சான், இருக்கிறியா?" என்றது பேணாட்டின் குரல், பேணாட்டின் அதே சிரிப்போடு. "நான் போறன். வீட்ட அருள்மலர் தனிய."

படலை திறந்து மூடியது. மேட்டிலிருந்து இறங்கும் ஒழுங்கையில், சீராக மூச்சு விட்டுக்கொண்டு, அது வீட்டுக்கு நடந்து போனது.