உட்கார்ந்து பார்க்க வேண்டிய வீடு

“ஐயோ... அது என்னோடது!”

அவள் அலறியபோது கட்டர் அட்டையின் மறுமுனைக்கே போய்விட்டது.

வெட்டியவன் நிமிர்ந்தான். நிமிர்ந்துகொண்டே போனான்... அவ்வளவு உயரம். மழையில் நனைந்த முடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கி இமையில் தொங்கியது. அதற்குக் கீழே திருதிருவென்று இரண்டு கண்கள். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கண்களை இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பாள்.

“பின்பக்கம் எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க... என்னோடதுன்னு நெனச்சு...”

“திருப்பிப் பாத்தா கை ஒடிஞ்சா போயிடும்?”

“வேணும்னா ஒடிச்சுக்கறேன். மனசு ஆறுமா?”

“கிண்டல் வேறயா!”

பசை காயட்டும் என்று படத்தை அட்டையில் ஒட்டிக் குப்புறப் போட்டிருந்தாள். இப்போது வீட்டுக்குக் கீழே அவள் தீட்டிய மண்ணும், அடி ஓரமும் துண்டாகித் தரையில் கிடந்தன. வீடு அந்தரத்தில் நின்றது. அவளும்தான்.

கட்டடக்கலை வகுப்பில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். போன தடவை குறை சொன்ன நடுவரிடம் எதிர்த்துப் பேசித்தான் தோற்றாள். இன்று காலை அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டான். “இந்தத் தடவையும் போச்சுன்னா படிச்சது போதும். கடையில வந்து உக்காரு.”

இன்று இரண்டு வகுப்புக்கும் ஒன்றாகத் தேர்வு. இவனோ மாலை வகுப்பாம். இதே மேசையில் பகலெல்லாம் இவள், பொழுது சாய்ந்தால் அவன். இதுவரை முகம் பார்த்ததில்லை. காலையில் வரும்போது மேசை துடைத்துச் சுத்தமாக இருக்கும். துடைத்தது எந்தப் புண்ணியவானோ என்று நினைத்ததுண்டு. இந்த நெட்டையாகவா இருக்கும்? சீ!

சத்தம் கேட்டு ஆசிரியை வந்தார்.

“சண்டை போட இவ்வளவு தெம்பா? சரி, நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி.”

வகுப்பு களுக்கென்று சிரித்தது. ஆசிரியையின் சட்டம் எல்லாருக்கும் தெரியும். படம் வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது, ஜோடிதான் அதைப் பற்றிப் பேச வேண்டும். “நாளைக்கு உங்க படம் போற இடத்துக்கெல்லாம் நீங்க கூடவே போக முடியாது. சாக்கு சொன்னா, சொன்னவருக்குத்தான் மார்க் குறையும்.”

கெடுத்தவன் வாயிலேயே அவள் விதி.

எல்லாரும் படத்தைச் சுவர்ப் பலகையில் கண் மட்டத்தில் குத்தினார்கள். அவளுக்கு அது முடியாது. மண் இல்லாத வீட்டை எங்கே நிறுத்துவது? சுவர்ப் பலகையின் அடிச்சட்டம் கண்ணில் பட்டது. மரச்சட்டம், மண் நிறம்... படத்தை இறக்கி அதன்மேல் உட்கார வைத்தாள். ஊசி குத்தி நிறுத்தினாள். ‘படத்தைப் பத்திச் சொல்லுங்க’ என்று அவனும் பக்கத்தில் வரவில்லை, ‘சொல்கிறேன்’ என்று அவளும் போகவில்லை.

நடுவர்கள் வந்தார்கள். மூத்தவர் குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, எலிக்கு மாட்டின மாதிரி?”

நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கினாள். அவன் படத்தையே பார்த்தான். பேசித் தொலையேன்டா...

சட்டென்று அந்த நெட்டை உடம்பை மடித்துத் தரையில் உட்கார்ந்தான்.

“சார்... நின்னுட்டுப் பாத்தா இது புரியாது. உக்காந்து பாருங்க.”

“என் முட்டிக்கு இதெல்லாம் ஆகாதுப்பா.” முனகிக்கொண்டே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார் மூத்தவர்.

“வாசல்ல படி இல்ல, சரிவு. கதவெல்லாம் அகலம். ஜன்னல் கீழ இறங்கியிருக்கு. நடக்க முடியாத ஒருத்தர், சக்கர நாற்காலியில இருந்தே பின்பக்க மரத்தைப் பாக்கணும்னு போட்ட வீடு சார் இது. அவர் கண்ணு எங்க இருக்குமோ அங்க இருந்து வரைஞ்சிருக்காங்க.”

மூத்தவர் வெகுநேரம் எழவில்லை. வாசல், கூடம், ஜன்னல், மரம்... எல்லாம் ஒரே பார்வையில் திறந்தன.

அவளுக்குக் கண் கலங்கியது. சாரத்திலிருந்து விழுந்து நடக்க முடியாமல் போன அப்பாவைப் பற்றி இவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. படத்தைப் படித்திருக்கிறான்.

“எல்லாம் சரி. அடி ஓரம் எங்க?” என்று கேட்டார் மூத்தவர்.

“அது நான் வெட்டினது சார். அவங்க தப்பு இல்ல.”

“உன் மார்க் குறையும்,” என்றார் ஆசிரியை.

“குறைச்சுக்கங்க மேடம்.”

அடுத்து அவள் முறை. அவன் வரைந்த வீட்டின் உட்புறப் படம். சின்ன வீடு, கோடெல்லாம் கச்சிதம். கெடுக்க நினைத்தால் இதுதான் நேரம். ஆனால், அவள் கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

“வெளிச்சம், காத்து, எல்லாம் நல்லா இருக்கு சார். ஒரே ஒரு குறை. மேசை ரெண்டு பேருக்குப் போட்டிருக்கு... நாற்காலி ஒண்ணுதான் இருக்கு.”

“என்ன பண்ணலாம்ங்கறீங்க?” என்று கேட்டார் இன்னொரு நடுவர்.

“அத... வரைஞ்சவர்தான் சொல்லணும்.”

வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாதே! அவன் காது மட்டும் சிவந்தது.

தேறியவர்கள் பட்டியலை ஒட்டியபோது அதில் இருவர் பெயரும் இருந்தன. அவன் பெயர் கடைசியில். வெளியே மழை. தாழ்வாரத்தில், பாரம் இறக்கி வைத்தவள் மாதிரி சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் வந்து நின்றான்.

“உங்க அப்பாவா?”

“ம்.”

“அதுக்குத்தானே தாழ்வா மாட்டினீங்க?”

“இல்ல. நீங்க வெட்டினத மறைக்க.”

அவன் விழித்த விழிப்பில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். பிறகு அவனே தொடங்கினான்.

“தினமும் அந்த மேசையில, பென்சில் சீவின தூளை ஒரு காகிதத்துல மடிச்சு ஓரமா வெச்சுட்டுப் போவீங்க... எனக்கு அழுக்காகக் கூடாதுன்னு. யாருன்னு தெரியாமலே பிடிச்சுப்போச்சுங்க. அதான் துடைச்சு வெச்சேன். அந்த ரெண்டாவது நாற்காலி... யாருன்னு தெரியாததால வரையல.”

பட்டாசு சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

“இப்பத் தெரிஞ்சுபோச்சு. போடட்டுமா?”

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போடுங்க. அப்படியே மேசையையும் கொஞ்சம் மாத்துங்க... எங்கப்பா சாப்பிட வந்தா, அவர் நாற்காலி உள்ள நுழையணும்.”