இரண்டு பேரும் அடித்த வரி

இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்த அந்த டைப்பிங் ஆபீஸ் முழுக்க இந்த ஒரு நம்பிக்கையில்தான் நின்றது. இங்கிலாந்திலிருந்து ஸ்கேன் செய்த பக்கம் வரும். அதை ஏ அறையில் ஒருத்தர் அடிப்பார், பி அறையில் இன்னொருத்தர் அடிப்பார். ஒருத்தர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிவப்புக் காட்டும். சிவப்பு இல்லாத இடம் சரியான இடம். பதினோரு வருஷமாக இதை நம்பித்தான் வேளாங்கண்ணி சம்பளம் வாங்கினாள். 2006 நவம்பரில், மழை விடாமல் கொட்டிய ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சிவப்பே இல்லாத ஒரு பக்கத்தில், ஸ்கேனில் இல்லாத ஒரு வரி இருந்தது.

நான்கு மாதமாக ஓடுகிற வேலை அது. எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரப் பையன்கள் வாராவாரம் ஒரு பென்னி கொடுத்து வாங்கிப் படித்த கதைத்தாள்கள். யாரோ ஒரு சேகரிப்பாளருக்கு அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். அந்தக் கதைகளில் பையன்களுக்குப் பசிக்காது, காய்ச்சல் வராது, எந்தச் சுவரைத் தொட்டாலும் சுரங்கப்பாதை திறக்கும், சரியாக உயிர் போகிற இடத்தில் ‘அடுத்த வாரம்’ என்று போட்டுக் கதைக்காரன் நிறுத்திவிடுவான். அடித்து முடித்த பக்கங்களில் பத்துக்கு ஒன்றை எடுத்து வரி வரியாகப் படித்துச் சரிபார்ப்பது வேளாங்கண்ணியின் வேலை. ஆபீஸிலேயே கதையைக் கதையாகப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் படித்தாள்.

இன்றைக்கு வந்திருந்தது ஒரு கலங்கரை விளக்கத் தொடர்கதை. ரெக், டாம், சிட்னி என்று மூன்று பையன்கள். விளக்குக் கோபுரத்துக்கு அடியில் இருக்கிற நிலவறையில் அவர்களைத் தள்ளி, வெளியே தாழ் போட்டுவிட்டுப் போய்விட்டான் வில்லன். கடல் ஏறுகிறது. இந்தக் கதைக்கு முடிவு கிடையாது என்று வேலையோடு வந்த குறிப்பிலேயே போட்டிருந்தது. நடுவிலேயே பத்திரிகையை இழுத்து மூடிவிட்டார்களாம். தண்ணீர் பையன்களின் முழங்காலுக்கு வந்த இடத்தில்தான் அந்த வரி: ‘சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது, ஒரு விரல் இல்லை, பல விரல்கள், மழை பெய்வது போல.’ நல்ல இங்கிலீஷ். கதையோடு ஒட்டிப்போகிற இங்கிலீஷ். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

ஏ அறையில் அடித்தது ஆஷ்லின், அவள் தங்கை. பி அறையில் கொளஞ்சி. தப்பைப் பதிவேட்டில் ஏற்றினால் இருவருக்கும் மெமோ போகும். ஆஷ்லினுக்கு ஏற்கெனவே இரண்டு இருந்தது. மூன்றாவது வந்தால் அந்த நிமிஷமே மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வளர்த்து ஆளாக்கிய பெண். பத்தொன்பது வயது. கையில் காலில் விழுந்து வாங்கிக் கொடுத்த வேலை. வேளாங்கண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, அழித்து, பதிவேட்டில் ஒன்றும் எழுதாமல் பக்கத்தை மூடினாள்.

மழையினால் ஆபீஸ் பஸ் பாதி ஊருக்குப் போகவில்லை. ஏ அறையில் இருபது நாற்காலியில் ஆஷ்லின் மட்டும்தான் இருந்தாள். வேளாங்கண்ணி டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பதினாலாம் பக்கத்துல எக்ஸ்ட்ராவா ஏதாச்சும் அடிச்சியாடி?”

“நான் எங்கக்கா படிச்சேன்? கண்ணு பாக்குது, கை அடிக்குது. எழுத்து தெரியும், அர்த்தம் யாரு கண்டா.” ஆஷ்லின் டீயை ஊதினாள். “மெமோ குடுக்கறதுன்னா குடுத்துடு. வூட்ல நிம்மதியா தூங்குவேன்.”

“வாய மூடு. இந்த சீட்டு போச்சுன்னா திரும்பக் கெடைக்காது.”

“கெடைக்காட்டி போவுது. இந்த ரூம்ல ஒரு நாத்தம் வருது, எனக்குப் புடிக்கல. நீயே மோந்து பாரேன்.”

மோந்து பார்த்தாள். உப்புத் தண்ணீர். ஆனால் குருசுக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் வாசனை எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இது காற்றுப்பட்ட கடல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடல் வீட்டுக்குள் வந்து போனபோது, சாத்திக் கிடந்த உள்ளறையைப் பத்து நாள் கழித்துத் திறந்தார்களே, அந்த வாசனை. அதோடு மண்ணெண்ணெய்ப் புகை. தட்டாஞ்சாவடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? “கீழ கம்பெனியில ஏதோ ஊத்திட்டானுவ” என்று தங்கையிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். சொன்னதை அவளே நம்பவில்லை.

தன் மேஜைக்கு வந்து அடுத்த பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு இல்லை. ஒரு புள்ளி, ஒரு கமா கூட வேறுபடவில்லை. ஸ்கேனில் பத்து வரி இருந்தது. அடித்ததில் பதினாறு. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது என்றான் சிட்னி. நாம் பேசினதை யாரோ துடைத்துவிட்டார்கள் என்றான் டாம். துடைத்தவள் மூத்தவள், பயந்தவள், அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்றான் ரெக்.

மாதாவே என்று வேளாங்கண்ணி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். மாறவில்லை. அதற்குக் கீழே இன்னும் இருந்தது: ‘இடது பக்கம் ஒருத்தி இருக்கிறாள். சின்னவள். வேகமாகத் தட்டுகிறாள். கதவைத் தாங்கிக்கொள்ள அந்த ஊர்க்காரி போதும்.’

நான்கு மாதம் இந்தக் கதைகளைப் படித்தவளுக்கு இதன் அர்த்தம் புரிந்தது. பையன்கள் எப்படியும் தப்பித்துவிடுவார்கள். ஆனால் கதவோ, கயிறோ, படகோ, யாராவது பின்தங்கித் தாங்கிப் பிடித்தாக வேண்டும். அதற்கென்று ஒரு கறுப்பு ஆளைக் கதைக்காரன் வைத்திருப்பான். ‘நீங்கள் போங்கள் துரை’ என்று சொல்லி அவன் நின்றுவிடுவான். அடுத்த வாரம் அவன் பேரைக்கூட ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர் இராமதாஸின் கண்ணாடித் தடுப்புக்கு ஓடினாள்.

“சார், ஆஷ்லினை இந்த பேட்ச்லேர்ந்து எடுத்துடுங்க. வூட்டுக்கு அனுப்பிடுங்க.”

“என்னாம்மா வெளையாடறியா? ராத்திரிக்குள்ள அனுப்பணும். ரெண்டு கீயிங்கும் நூத்துக்கு நூறு மேட்ச் ஆவுது, இந்த ஆபீஸ் தொறந்ததுலேர்ந்து இப்டி வந்ததே இல்ல.” அவர் முகம் மலர்ந்திருந்தது. “இத்தினிக்கும் கொளஞ்சி நாலு மணிக்கே கெளம்பிட்டான். தவளக்குப்பத்துல ரோட்டுல தண்ணி ஓடுதாம்.”

“நாலு மணிக்கா?”

“ஆமா. ஏன்?”

“அப்ப பி ரூம்ல யாரு சார் அடிக்கிறது?”

இராமதாஸ் தன் திரையைப் பார்த்தார். இரண்டாம் கை, பி அறை, கடைசிப் பக்கம், ஆறு மணி நாற்பது நிமிஷம், அடித்துக்கொண்டிருக்கிறது. “சிஸ்டம் டைம் தப்பா இருக்கும்” என்றார். அப்போது கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்தது. “பத்து நிமிஷம்தான் தாங்கும், நான் போயி ஜெனரேட்டர போடறேன்” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

அவள் பி அறைக் கதவைத் தள்ளினாள். இருட்டில் ஒரே ஒரு திரை மட்டும் வெளிறி எரிந்தது. கொளஞ்சியின் நாற்காலி மேஜையோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தது, அவன் கிளம்பும்போது எப்போதும் வைக்கிற மாதிரி. திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டில் கட்டைகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. ஒவ்வொன்று அமுங்கும்போதும் இடுக்கிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசிந்து மேஜை விளிம்பில் வழிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். இரண்டு அறையிலும் தட்டுகிற சத்தம் எந்த நாளும் ஒன்றோடொன்று சேராது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தூக்கத்தில்கூடப் பழக்கம். இப்போது சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தட்டல். ஒரே நிறுத்தம். மறுபடி ஒரே தட்டல்.

ஆஷ்லின்.

ஓடினாள். ஏ அறையில் ஆஷ்லின் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திரையில் இல்லை. எதிர்ச் சுவரில் இருந்தது. கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. திரையின் ஒரு பாதியில் ஸ்கேன், ‘அடுத்த வாரம்’ என்ற வார்த்தையோடு எப்போதோ முடிந்துபோயிருந்தது. மறு பாதியில் வரிகள் வளர்ந்துகொண்டே போயின. தண்ணீர் மார்புக்கு வந்தது. வெளியே இருப்பது யார் என்று கேட்டார்கள். அவள் தன் பேரைச் சொன்னாள். தாழ்ப்பாள் அசைந்தது.

“ஆஷ்லின். கையை எடு.”

எடுக்கவில்லை.

“அக்கா சொல்றேன் கேளு. எழுந்திரு. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வா வூட்டுக்குப் போவலாம்.”

ஆஷ்லினின் உதடு அசைந்தது. “கை நிக்க மாட்டேங்குதுக்கா.” சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். “புடிச்சி இழு.”

ஐந்தரை மணிக்கு உண்மையை எழுதியிருந்தால் இந்நேரம் இவள் குருசுக்குப்பத்தில் பாயில் படுத்திருப்பாள். குனிந்து தங்கையின் வலது கையை இரண்டு கையாலும் பற்றினாள். இழுத்தாள். திரையில் கடைசி வரி தானாகவே எழுதிக்கொண்டது. ‘நீங்கள் போங்கள் துரை.’

யு.பி.எஸ். செத்தது.

இருட்டு.

ஒரு நொடி கை நழுவிற்று. துழாவினாள். கை மறுபடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. இறுக்கமாக. அவள் யோசிக்கவில்லை. இழுத்துக்கொண்டு நடந்தாள். மேஜை முனை இடுப்பில் இடித்தது. கதவு. வராந்தா. படி.

“பயப்படாத. அக்கா கூடவே இருக்கேன்.”

பின்னால் காலடி மட்டும். நனைந்த காலடி. படிக்குப் படி சளக், சளக். அழுது களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. மழை, அதனால்தான். கை கொஞ்சம் சின்னதாகப் பட்டது. பயம், அதனால்தான். பதினெட்டுப் படி. எண்ணிக்கொண்டே இறங்கினாள். பத்தாவது படியில் காலடிகள் அதிகமாகக் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை கையில் இருக்கிறாள், அது போதும்.

கீழே ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து இராமதாஸ் டார்ச்சைத் திருப்பினார். வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது, அங்கிருந்து இறங்கியது, அவள் இடுப்பு உயரத்தில் நின்றது. பிறகு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரு முறை. இன்னொரு முறை.

“வேளாங்கண்ணி,” என்றார். “இந்த மூணு பசங்களும் யாரு?”

அவள் குனிந்து பார்க்கவில்லை. கையை உதறினாள். அது விடவில்லை. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. மேல்மாடியில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவள் அண்ணாந்து பார்த்தாள்.

ஏ அறையின் ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் பச்சைத் தண்ணீர் பாதி உயரத்துக்கு நின்றது. அதில் கீபோர்டுகள் மிதந்தன. தண்ணீருக்கு மேலே ஆஷ்லினின் முகம் தெரிந்தது. தோளால் எதையோ முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்தபடி, அவள் ஒரு விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.