தும்பிக்கை திரும்பும் பக்கம்

பேசுகிற பொம்மை வாயடைத்துப் போனாலும், ஓடுகிற பொம்மை படுத்துவிட்டாலும் அந்தப் பேட்டையில் எல்லோரும் தேடுவது ஒருத்தியைத்தான். பொம்மை டாக்டர். கைராசிக்காரி. கண்தான் சும்மா இருக்காது. பொம்மை பார்க்கப் போன வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்பதுவரை தெரிந்துகொண்டுதான் படியிறங்குவாள்.

அன்று பகல் இரண்டு மணிக்கு அந்தப் பழைய வீட்டு வாசலில் நின்றபோதும் அவள் கண் முதலில் தரைக்குத்தான் போனது. ஒரு ஜோடிச் செருப்பு, இப்போதே காலை நுழைத்துக்கொண்டு ஓடலாம் என்பதுபோல வெளியே பார்த்துக் கிடந்தது. பக்கத்தில் கட்டிவைத்த ஒரு பெட்டி. பெட்டியின்மேல் விரல் கனத்துக்குத் தூசி.

புருஷனோடு சண்டை, ஆனால் கிளம்பத் தைரியம் இல்லை என்று மனசுக்குள் ஒரு கதையைத் தைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை.

"ஊருக்குக் கிளம்புறீங்களா?" டாக்டருக்கு வாய் நிற்கவில்லை.

"நீங்க வந்துட்டீங்கல்ல. இனி கிளம்பிடுவேன்."

"சட்டுபுட்டுனு முடிச்சுடறேன். நாலு மணிக்கு என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கூட்டிக்கணும். பத்து நிமிஷம் தாமதமானா வாசல்லயே ஊரைக் கூட்டிடுவா, ஏழு வயசு வாயாடி."

"மெதுவா பேசுங்க," என்றாள் அவள். உள்ளறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "பொண்ணு இருக்குன்னெல்லாம் இங்க சொல்லாதீங்க."

பிள்ளை இல்லாத பொறாமை என்று இன்னொரு தையல் போட்டுக்கொண்டாள் டாக்டர்.

பொம்மை ஒரு யானை. பூனை அளவு, சாம்பல் நிறத் துணி. கூடவே வட்ட வட்டமாக ஸ்டிக்கர்கள் ஒட்டிய ஒரு தாள் வரும். ஒவ்வொரு ஸ்டிக்கருக்குள்ளும் ஒரு சிப். சீப்பிலோ டம்ளரிலோ அதை ஒட்டி, அதன் பெயரை நம் குரலில் பதிந்துவிட்டால் போதும். பொருளைக் கிட்டே கொண்டுபோனதும் யானை தும்பிக்கையை நீட்டி மோப்பம் பிடிக்கும், காதை ஆட்டும், பெயரைச் சொல்லும். அந்தப் பொருள் வீட்டைவிட்டு வெளியே போனால் கத்தும். தொலையாமல் இருக்க வேண்டுமே!

"ஒண்ணுமே பக்கத்துல இல்லாதப்போ பேசுது," என்றாள் வீட்டுக்காரி.

இந்த நோய்க்கு டாக்டரிடம் ஒரே வைத்தியம். காலி அறை வேண்டும். கைபேசி, கடிகாரம், வளையல், பை எல்லாம் வெளியே. கதவு சாத்தியிருக்க வேண்டும். வீட்டில் யாராவது ஸ்டிக்கர் ஒட்டிய பொருளோடு குறுக்கே நடந்தால் சோதனை கெட்டுப்போகும். தொலைபேசியில் இதைச் சொன்னால் எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள். இவளோ உள்ளறையைத் துடைத்துவிட்டதுபோல் காலி செய்து வைத்திருந்தாள். நடுவில் யானை, அதன் காலடியில் ஸ்டிக்கர் தாள். தாளில் இரண்டு ஸ்டிக்கர்தான் மிச்சம்.

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா என் பிழைப்பு எவ்வளவு சுலபமா போகும்!" என்று டாக்டர் மெச்சிக்கொண்டாள். "இந்தக் கதவு நிக்க மாட்டேங்குது. வெளிய தாழ் போட்டுடுங்க. பத்து நிமிஷம்."

தன் வாயாலேயே சொன்னாள்.

தாழ் விழுந்தது.

யானையை முடுக்கினாள். சத்தமில்லை. ஜன்னல் கம்பி வழியே வெயில் கோடுகோடாகத் தரையில் கிடந்தது. எங்கிருந்தோ இருமல் மருந்தின் தித்திப்பு வாசனை வந்தது.

தும்பிக்கை எழுந்தது. வெறும் மூலை ஒன்றை மோந்தது. காது ஆடியது.

"என்னுது," என்றது ஒரு குழந்தைக் குரல்.

உணர்கருவி கெட்டிருக்கும் என்று அவள் வயிற்றுப் பக்கத்துத் திருகாணியைக் கழற்றி, பேட்டரிகளை உருவித் தரையில் வைத்தாள். மூன்று. மூன்றும் அவள் கண்முன்னே கிடந்தன.

தும்பிக்கை இறங்கவில்லை.

மூலையிலிருந்து ஜன்னலுக்கு. ஜன்னலிலிருந்து கதவுக்கு. நடக்கிற எதையோ பின்தொடர்வதுபோல மெல்ல, மெல்லத் திரும்பியது.

அவளுக்கு நேரே வந்தது.

அவளைத் தாண்டி, முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

தாளிலிருந்து ஏதோ உரியும் சத்தம்.

பிடரியில் ஒரு சின்னக் கட்டைவிரல், நன்றாக ஒட்டிக்கொள்ளட்டும் என்று குழந்தைகள் அழுத்துவார்களே, அப்படி அழுத்தித் தேய்த்தது.

"என்னுது."

அவள் கதவில் மோதிய வேகத்தில் சுவரில் காரை உதிர்ந்தது. "அம்மா! தாழைத் திறங்க!"

மறுபக்கம் கதவோடு ஒட்டி ஒரு முணுமுணுப்பு. "என் அக்காவோட குழந்தை அது. காய்ச்சல்ல போயிடுச்சு. உயிரோட இருந்தப்பவே வீட்டைவிட்டு யார் போனாலும் அதுக்குப் பிடிக்காது. செருப்புலகூட ஸ்டிக்கர் ஒட்டி வைக்கும்."

"அக்கா எங்க?"

"பொம்மையை ஒரு தடவை பாருடீன்னு என்னைக் கூப்பிட்டா. நான் வந்ததும் என்னை விட்டுட்டு ஓடிட்டா." சால்வையை இழுக்கும் சரசரப்பு. பிறகு அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு மூச்சு. "என் கழுத்துல இருந்தது விழுந்துடுச்சுங்க... தானா விழுந்துடுச்சு! என்னை மன்னிச்சுடுங்க. நீங்களும் யாரையாவது கூப்பிடுங்க."

தாழ் திறந்தது. டாக்டர் வெளியே பாய்ந்தபோது கூடத்தில் ஒரு சால்வை மட்டும் கிடந்தது. தெருவில் பெட்டியும் கையுமாக ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

பையை வாரிக்கொண்டு நிலையைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். உள்ளே யானை வீறிட்டது. பிடரி தணலாய் எரிந்தது. மூச்சு பாதியில் நின்றது. காலை உள்ளே இழுத்ததும் எல்லாம் ஓய்ந்தது.

மூன்று முறை முயன்றாள். மூன்றாம் முறை திருப்புளியால் பிடரியைச் சுரண்டிவிட்டுப் போனாள். தோல் வந்தது. ஸ்டிக்கர் வரவில்லை.

எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்தது. சைக்கிளில் போன ஒருவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக்கூடப் போனார். திறந்த கதவுக்குள் நிற்கிறவளிடம் என்னவென்று கேட்பது?

இப்படியே மணி நாலேகால் ஆகிவிட்டது. கைபேசியில் தன் எதிர்க்கடையில் பொம்மை பழுதுபார்ப்பவனின் எண் இருந்தது. இத்தனை வருஷமும் பொம்மைக் கொலைகாரன் என்று அவள் வைத விரோதி. கூப்பிட்டால் ஜம்பமாக வந்து நிற்பான். அந்த எண்ணின்மேல் விரலை வைத்தபோதே மணி அடித்தது. பள்ளிக்கூட ஆசிரியையின் எண்.

"அம்மா, எங்கம்மா இருக்கே? எல்லாரும் போயிட்டாங்க."

"வேலையா இருக்கேன் கண்ணு. அத்தையை அனுப்புறேன். அத்தைகூட வீட்டுக்குப் போ. இங்க வரக்கூடாது. கேக்குதா? வரவே கூடாது."

"அப்புறம் ஏன் வா வான்னு குரல் கேக்குது?"

"நான் கூப்பிடலையேடா."

"நீ இல்லம்மா. உன் பக்கத்துல இருக்கிற பாப்பா. ரெண்டாவது தெரு, பச்சை கேட்டுன்னு சொல்லுது. எனக்கு யானை தருமாம்."

டாக்டர் மெல்லத் திரும்பினாள். உள்ளறையில் விட்டுவந்த, பேட்டரி இல்லாத யானை இப்போது கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தது. தும்பிக்கை அவள் பக்கம் இல்லை. வாசலைத் தாண்டி, பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் நீண்டிருந்தது.

அதன் காலடியில் தாள். மிச்சமிருந்த ஒரே ஸ்டிக்கரின் ஓரம், யாரோ நகத்தால் கிளப்புவதுபோல, மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.