இடது கோடிக் கட்டை

1987 நவம்பரில் கிரகரி பெரிய பங்களாவுக்கு ஏறிப் போனபோது பகல் மூன்று மணிதான். ஆனாலும் பனி தேயிலைச் சரிவை முழுக்க விழுங்கியிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பியதிலிருந்து இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த இசையறைக்குள் ஈரக் கம்பள வாடை.

"துரை சீமையில செத்துட்டாராம். சாமானெல்லாம் ஒழிக்கச் சொல்லிட்டாங்க. ஒங்க கோயிலுக்கு ஆகும்னா இத எடுத்துக்க லா," என்றார் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி பழனியப்பன்.

அது ஒரு கீபோர்டு. தேயிலை ஆலையில் ஃபிட்டராக இருந்த கிரகரிதான் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவன். இந்த மாதிரி ஒன்றைப் பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தான். மைக்கில் கேட்கும் சத்தத்தை இரண்டு நொடி பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதே சத்தம் அந்தச் சுருதியில் வரும்; இடது பக்கம் போகப் போகத் தாழ்ந்து மெதுவாகும். மின்சாரத்தை நிறுத்தினால் பிடித்தது அழிந்துவிடும்.

வீட்டில் இணைத்து ஒரு கட்டையை அழுத்தினான். குருவி கத்துவதுபோல் கிரீச்சென்றது.

அழிந்திருக்க வேண்டிய சத்தம்.

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தூசி துடைத்த மனைவி மேவிஸின் விரல் இடது கோடிக் கட்டையில் பட்டது. கிரீச்சொலி தாழ்ந்தது. இழுத்தது. பேச்சானது.

"கதவத் தெறங்க."

பெண் குரல்.

மேவிஸின் கையிலிருந்த துணி விழுந்தது. "இது பாஞ்சாலைங்க," என்றாள் மெல்ல. "பங்களால வேல பாத்தாள்ல, அவ."

பக்கத்துத் திரிங்காப் ஊர் லோரிக்காரனோடு ஓடிவிட்டாள் என்று துரையே சொன்ன பாஞ்சாலை. அவமானத்தில் அவள் அக்கா வடிவம்மாள் அந்தப் பெயரையே வாயில் எடுப்பதில்லை.

கிரகரி மின்கம்பியைப் பிடுங்கினான்.

குரல் நிற்கவில்லை.

"இருட்டா இருக்கு. கதவத் தெறங்க."

மறுநாள் காலை கிராணியைக் கூட்டிக்கொண்டு மறுபடி பங்களாவுக்குப் போனான். கீபோர்டு இருந்த இடத்திலிருந்து மைக் கம்பி ஒன்று தரையோடு ஓடி, அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. இருவரும் அலமாரியைத் தள்ளினார்கள். பின்னால் ஒரு கதவு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

"நீயே தெற," என்றார் கிராணி. 

உள்ளே ஜன்னலில்லாத சின்ன அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெங்கும் முட்டைத் தட்டுகள் ஒட்டியிருந்தன. உத்தரத்திலிருந்து மைக் தொங்கியது. கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல். அதன் கீழே, வெளுத்துப்போன பூப்போட்ட சேலைக்குள், சாய்ந்து உட்கார்ந்தபடி எலும்புகள்.

போலீஸ் வந்து போனது. பாஞ்சாலையைப் புதைத்த அன்று வடிவம்மாள் பிடி மண்ணைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள். "நான் ஒன்னத் தேடியிருக்கணும்டி," என்றாள். பிறகுதான் மண்ணைப் போட்டாள்.

அதன்பின் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தக் குரல் கேட்கவில்லை. கிரகரிக்கு மூச்சு வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து ஒத்திகை. மேவிஸ் மைக்கில் ஒரு சுரத்தை நீட்டிப் பாடினாள். அவன் வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு வந்தான். எல்லாவற்றிலும் மேவிஸின் குரல், சுத்தமாக.

கடைசியாக வந்த இடது கோடிக் கட்டையில் மட்டும் அது மேவிஸ் இல்லை.

ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். பிறகு, வெள்ளைக்காரன் பேசும் தமிழில், நிதானமாகக் கேட்டான்:

"கதவு யார் தெறந்தான்?"